ஈயச்சொம்பு உருகினால், புளிசேரி திரிந்தால்: ராத்திரி அடுக்களைக் கேள்வி பதில்

எனக்குப் பிறந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், அடுக்களையில் இரண்டும் கலந்த ஏதோ ஒன்று. ஒரு மாணவர் விடுதியில் 22 வருஷம் சமையல் பார்த்தேன். தினமும் ராத்திரி 120 பேருக்குச் சோறு. அங்கே தீயாத பாத்திரம் கிடையாது, திரியாத மோர் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் "ராத்திரிச் சமையலில் கை தவறியதைக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்றேன். ஏழெட்டுக் கேள்வி வரும் என்று நினைத்தால் மடை திறந்த மாதிரி வந்துவிட்டது. பாதிப் பேருக்கு என் பதிலின் முதல் வரி ஒன்றுதான்: அடுப்பை அணையுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

கொல்லங்கோடு, கல்யாணமாகி ஐந்து மாதம்: அக்கா, மாமியாருடைய ஈயச்சொம்பில் ரசம் வைக்கலாம் என்று எடுத்தேன். அடுப்பைப் பற்றவைத்துச் சொம்பை மேலே வைத்துவிட்டுப் புளி கரைக்கத் திரும்பினேன். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. பார்த்தால் சொம்பின் அடி வெள்ளிக் குழம்பு மாதிரி பர்னர்மேல் வழிந்துகொண்டிருக்கிறது. அத்தை கோயிலுக்குப் போயிருக்கிறார். வந்தால் என்ன சொல்ல? அடுப்பை எப்படிச் சுத்தம் செய்ய?

பதில்: அம்மிணி, முதலில் மனசைத் தேற்றிக்கொள். பாலக்காட்டுப் பக்கம் ஈயச்சொம்பு புழங்குகிற வீட்டில் ஒரு தலைமுறைக்கு ஒரு சொம்பாவது இப்படிப் போயிருக்கும். உன் அத்தையிடமே மெதுவாக விசாரித்துப் பார், அவர் கணக்கிலும் ஒன்று இருக்கலாம்.

நடந்தது இதுதான். ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். காஸ் தீயின் சூடு ஆயிரம் டிகிரிக்கு மேல். அப்படியானால் இத்தனை வருஷம் அந்தச் சொம்பு எப்படித் தாங்கியது? உள்ளே ரசம் இருந்ததால். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிக்கொண்டே சூட்டை வாங்கிக்கொள்ளும், சொம்பின் சுவர் அதற்கு மேல் பெரிதாக ஏறாது. தண்ணீர் இல்லாத சொம்பைத் தீயில் வைப்பதும் மெழுகுவர்த்தியைத் தீயில் வைப்பதும் ஒன்றுதான். அதனால்தான் பழைய ஆட்கள் புளித்தண்ணீரைச் சொம்பில் ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவைப்பார்கள், இறக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டுச் சொம்பை எடுப்பார்கள். தீயும் சின்னதாக இருக்க வேண்டும். ரசம் நிற்கிற மட்டத்துக்கு மேலே தீ ஏறி நக்கினால் பக்கவாட்டில் ஓட்டை விழும். தாளிப்பை ஒருநாளும் சொம்பிலேயே செய்யாதே. எண்ணெய்ச் சூடு வெள்ளீயத்தின் உருகுநிலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கடுகைக் கரண்டியில் வெடிக்கவிட்டு மேலே கொட்ட வேண்டியதுதான்.

இப்போது அடுப்பு. அணைத்துவிட்டாய் அல்லவா? அப்படியே விடு. பதற்றத்தில் தண்ணீர் ஊற்றிவிடாதே, உருகிய உலோகம் சிதறும். அரைமணி நேரத்தில் நன்றாக ஆறிக் கெட்டியாகிவிடும். அப்புறம் தட்டையான கரண்டிக் காம்பால் நெம்பினால் தகடு தகடாக உரிந்து வரும். பர்னரைக் கழற்றி அதன் துளைகளை ஊசியால் குத்தி அடைப்பு எடுத்துவிடு. துளை அடைந்திருந்தால் தீ மஞ்சளாக எரியும், பாத்திரமெல்லாம் கரி பிடிக்கும். உரித்த ஈயத்தையும் மிச்சச் சொம்பையும் எறிந்துவிடாதே. பாத்திரக்கடையில் எடைபோட்டு எடுத்துக்கொண்டு புதுச் சொம்பில் கழிப்பார்கள்.

புதுசு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நம் மொழியில் வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். ரசத்துக்கு ஆகிறது வெள்ளீயம் மட்டும். காரீயம் விஷம், அதிலும் புளியோடு சேர்ந்தால் கரைந்து ரசத்தில் இறங்கும், குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். வெள்ளைக் காகிதத்தில் அழுத்தித் தேய்த்தால் காரீயம் பென்சில் மாதிரிக் கறுப்புக் கோடு போடும். வெள்ளீயத் தகட்டைக் காதோரம் வைத்து வளைத்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். இரண்டும் பழைய கைச்சோதனைகள். கலப்பு இருக்கிறதா என்று நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் ஆய்வகத்தில்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும். சோதிக்காத சொம்பைவிட எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்த ரசம் மேல் என்பது என் கட்சி. ஈயச்சொம்பு ரசத்துக்கு ருசியே தனி என்பார்கள். இருக்கலாம். எனக்கு அதில் பாதி, பாட்டி நினைப்பின் ருசி என்றுதான் தோன்றும்.

அத்தையிடம் என்ன சொல்வது என்றால், அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடு. அவராகவே அடுப்பைப் பார்த்துக் கண்டுபிடித்தால்தான் வம்பு.

வேலந்தாவளம், வேலைக்குப் போகிற பெண்: சாம்பாரில் நானும் உப்புப் போட்டேன், வீட்டுக்காரரும் போட்டுவிட்டார். உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: கிழங்கு உப்பை மட்டும் பொறுக்கி எடுக்காது கண்ணு. உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கும். கிழங்கை வெளியே எடுத்தாலும் மிச்சக் குழம்பு அதே கரிப்பில்தான் இருக்கும். கிழங்கு போட்டு, அது வேகத் தண்ணீரும் ஊற்றுகிறோம் அல்லவா, அந்தத் தண்ணீர் செய்த வேலைக்குக் கிழங்குக்குப் பேர். ஆகவே வழி ஒன்றுதான், அளவைக் கூட்டுவது. சாம்பாரானால் உப்பில்லாமல் இன்னும் ஒரு கைப்பிடி பருப்பு வேகவைத்துக் கரைத்துவிடு. தேங்காய் அரைத்த கூட்டானானால் இன்னும் அரைமூடி தேங்காய் அரைத்துச் சேர். துவரனில், அதாவது தேங்காய்ப் பொரியலில், உப்பு மிஞ்சினால் அதே காயை இன்னும் கொஞ்சம் உப்பில்லாமல் வேகவைத்துக் கலந்துவிடலாம். கொஞ்சம் புளிப்போ துளி வெல்லமோ சேர்த்தால் நாக்குக்குக் கரிப்பு குறைந்த மாதிரித் தெரியும், ஆனால் உப்பு அங்கேயேதான் இருக்கும். வீட்டில் ரத்தக்கொதிப்புக்காரர் இருந்தால் அந்த ஏமாற்று வேலை வேண்டாம்.

இனிமேல் வீட்டுக்காரர் தேங்காய் துருவட்டும். உப்பு ஒரு கையில் இருக்கட்டும்.

சித்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: எனக்குப் புளிசேரி (கேரளத்து மோர்க்குழம்பு) பத்தில் மூன்று தடவை திரிந்துபோகிறது. கொதிக்கவே விடுவதில்லை. நுரை கட்டியதும் அணைத்துவிடுகிறேன். ஆனாலும் பரிமாறும்போது தண்ணீர் தனி, திப்பி தனி. போன வாரம் விருந்தாளிகள் முன்னால் மானம் போயிற்று. எங்கே தப்பு?

பதில்: டீச்சர், நீங்கள் எழுதாத ஒன்றை நான் ஊகிக்கிறேன். கல்சட்டியில் வைக்கிறீர்களா? எங்கள் மாமியார் கல்சட்டியில்தான் வைப்பார், முதல் வருஷம் நான் வைத்ததெல்லாம் திரிந்தது. மாக்கல் சூட்டை மெதுவாக வாங்கும், வாங்கியதை லேசில் விடாது. அடுப்பை அணைத்து ஐந்து நிமிஷம் ஆன பிறகும் உள்ளே குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். நீங்கள் கொதிக்கவிடவில்லை, சட்டி கொதிக்கவிட்டிருக்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் நுரை கட்டியதும் அணைக்கலாம். கல்சட்டியானால் ஓரத்தில் லேசாக ஆவி கிளம்பும்போதே அணைத்துவிட வேண்டும். இன்னும் நல்லது, காயும் தேங்காய் அரைப்பும் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஐந்தாறு நிமிஷம் பொறுத்து, அப்புறம் தயிரை ஊற்றிக் கிளறுவது. சட்டியின் சூடே போதும்.

தயிர் ஏன் திரிகிறது என்றால், பாலில் உள்ள புரதம் சூடும் புளிப்பும் ஒன்றாகச் சேரும்போது கட்டிக்கொண்டு தண்ணீரைப் பிழிந்து தள்ளிவிடும். புளிசேரிக்கு நாம் எடுப்பதே புளித்த தயிர், அதனால் பாதி வேலை முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. தேங்காயோடு ஒரு ஸ்பூன் பச்சரிசியை ஊறவைத்து அரைக்கிற வழக்கம் இதற்காகத்தான். அரிசி மாவு புரதத்துக்கு நடுவே புகுந்து ஒட்டவிடாமல் வைக்கும். தயிரைக் கட்டியில்லாமல் அடித்து, குழம்பில் ஒரு கரண்டி எடுத்து அதில் கலந்து சூடு பழக்கிவிட்டு ஊற்றுங்கள். குளிர்பெட்டியில் இருந்து நேராக எடுத்துக் கொட்டாதீர்கள்.

காளன் என்கிற கெட்டித் தயிர்க் குழம்பில் தயிரைக் கொதிக்கவைத்தே குறுக்குகிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே கரண்டி ஒரு நொடி நிற்காது. நின்று பாருங்கள், அதுவும் திரியும்.

திரிந்துவிட்டதைச் சரிக்கட்டவும் வழி உண்டு. காயை அரித்து எடுத்துவிட்டுக் குழம்பை ஆறவைத்து, ஒரு ஸ்பூன் அரிசி மாவைக் கரைத்து ஊற்றி மிக்சியில் ஒரு சுற்று சுற்றி, திரும்ப இளந்தீயில் சூடாக்கினால் முக்கால்வாசி பழைய நிலைக்கு வந்துவிடும். காய் உடையாமல் இருந்தால் விருந்தாளிக்குத் தெரியாது. மேலே தாளிப்பைத் தாராளமாகக் கொட்டுங்கள்.

கஞ்சிக்கோடு, அறை எடுத்துத் தங்கியிருக்கும் நான்கு பேர்: கம்பெனி வேலை, நாங்களே சமைக்கிறோம். நேற்று ராத்திரி பப்படம் பொரிக்க எண்ணெய் வைத்துவிட்டு ஒருத்தன் போன் பேசப் போய்விட்டான். வாணலியில் தீப் பிடித்துவிட்டது. இன்னொருத்தன் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினான். தீ கூரை வரை எழும்பிவிட்டது. யாருக்கும் காயமில்லை, சுவர் கறுத்துவிட்டது. வேறென்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: தம்பிகளா, உங்கள் நல்ல காலம். இதை விளையாட்டாக எழுதியிருக்கிறீர்கள், நான் விளையாட்டாகப் பதில் சொல்லப் போவதில்லை.

எரிகிற எண்ணெயின் சூடு 300 டிகிரிக்கு மேல். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், ஊற்றியதும் அடிக்குப் போகும். போன கணமே ஆவியாகும். ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 பங்கு இடம் கேட்கும். அந்த ஆவி வெடித்துக் கிளம்பும்போது மேலே இருக்கிற எண்ணெயைப் பொடிப்பொடித் துளியாகத் தூக்கி எறியும், ஒவ்வொரு துளியும் தீயாக எரியும். கூரை வரை போனது அதுதான். முகத்துக்கு நேரே போயிருந்தால் இன்றைக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி வந்திருக்கும்.

செய்ய வேண்டியது: கை எட்டினால் அடுப்பை அணை. வாணலியை அசைக்காதே, தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடாதே. வாணலியை முழுசாக மூடுகிற தட்டு ஒன்றை, தோசைக்கல்லானாலும் சரி, உன் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகச் சரித்து மூடு. காற்று இல்லாவிட்டால் தீ இல்லை. மூடியதைத் திறந்து பார்க்கிற ஆசை வரும், திறக்காதே. சூடு தணியாமல் திறந்தால் காற்றுப் பட்டதும் திரும்பப் பற்றும். குறைந்தது அரைமணி நேரம் அப்படியே கிடக்கட்டும். கோதுமை மாவு, மைதா மாவு எதையும் அள்ளிப் போடாதீர்கள், மாவும் எரிகிற பொருள்தான். தீ வாணலியைத் தாண்டி அலமாரிக்கோ திரைச்சீலைக்கோ போய்விட்டால் வீரம் வேண்டாம். நான்கு பேரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு 101-ஐக் கூப்பிடுங்கள்.

தீ சொல்லாமல் வருவதில்லை. வெளிச்செண்ணெய், அதாவது தேங்காய் எண்ணெய், 175 டிகிரி சுற்றுவட்டாரத்திலேயே புகைய ஆரம்பிக்கும். மெல்லிய நீலப் புகை, கண்ணில் ஒரு எரிச்சல். அந்தப் புகையைப் பார்த்த உடனே அணைத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பப்படத்துக்கு அத்தனை எண்ணெயும் தேவையில்லை. சின்ன வாணலியில் இரண்டு விரல் ஆழம் போதும். போன் பேசுகிறவன் அடுப்பை அணைத்துவிட்டுப் பேசட்டும், பப்படம் எங்கேயும் ஓடிப்போகாது.

மீனாட்சிபுரம்: குக்கரில் பருப்பு வைத்தால் விசில் வராமல் மூடியெல்லாம் மஞ்சள் தண்ணீர் பொங்கி வழிகிறது. நேற்று விசிலே வரவில்லை, தீய்ந்த வாசனைதான் வந்தது. பயந்துபோய் மூடியை இழுத்துப் பார்த்தேன், திறக்கவில்லை.

பதில்: திறக்காமல் போனது உங்கள் நல்ல காலம். குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது தண்ணீர் 100 டிகிரியில் நில்லாமல் 120 டிகிரி வரை போகும். அந்த நிலையில் மூடி திறந்தால் மொத்தமும் ஒரே நொடியில் கொதித்து மேலே வரும். விடுதியில் என்னோடு வேலை பார்த்த ஒரு அக்காவுக்கு முழங்கை வரை அந்தத் தழும்பு உண்டு.

உங்கள் குக்கரில் இரண்டு கோளாறு இருக்கலாம். துவரம்பருப்பு வேகும்போது நுரை கட்டும். பாதிக்கு மேல் நிரப்பினால் நுரை ஏறி விசில் குழாயை அடைக்கும். பருப்புக்கும் அரிசிக்கும் பாதி, காய்க்கு மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பருப்பில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். குண்டு உட்காரும் குழாயை ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மறுபக்கம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். இன்னொன்று கேஸ்கட். கையில் எடுத்தால் விறைப்பாக, வெடிப்பு விட்டிருந்தால் ஓரத்தில் ஆவி போகும், உள்ளே அழுத்தம் நிற்காது, தண்ணீர் வற்றும், பருப்பு தீயும். அதுதான் நேற்று நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மூடியில் இருக்கும் சேப்டி வால்வு அந்த மாதிரி நேரத்துக்காகத்தான். தண்ணீர் வற்றிச் சூடு மீறினால் அதன் நடுவில் உள்ள சின்ன உலோகம் உருகி ஆவியை வெளியே விட்டுவிடும். ஈயச்சொம்பு உருகினால் நஷ்டம், இது உருகினால் லாபம். ஒருதடவை போன வால்வை மாற்றத்தான் வேண்டும், உங்கள் குக்கர் கம்பெனியுடையதையே போடுங்கள். புளியையோ ஆணியையோ வைத்து அடைத்த குக்கர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அது குக்கரல்ல, வெடிகுண்டு.

தத்தமங்கலம்: காந்தாரி மிளகாய் அரைத்த கையோடு குழந்தையைத் தூக்கிவிட்டேன். என் கையும் எரிகிறது, அவள் கன்னமும் சிவந்துவிட்டது. தண்ணீரில் கழுவக் கழுவ அதிகமாகிறது.

பதில்: மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தண்ணீர் ஊற்றினால் பரவும். கையில் வெளிச்செண்ணெயைத் தேய்த்து ஒரு நிமிஷம் விட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இரண்டு தடவை. குழந்தை கன்னத்தில் எண்ணெயை மெல்ல ஒற்றித் துடைத்துவிட்டுப் பிறகு கழுவலாம். கண்ணில் பட்டிருந்தால் மட்டும் எண்ணெய் கூடாது, வெறும் தண்ணீரை நிறைய ஊற்ற வேண்டும். வாய் எரிந்தால் தயிர். சேனைக்கிழங்கு வெட்டிக் கை அரிக்கிறவர்களும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அது வேறு சமாச்சாரம். கிழங்கில் ஊசி மாதிரி இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தோலைக் குத்துவதால் வருவது. வெட்டும் முன்பே கையில் எண்ணெய் தடவிக்கொள்வதுதான் வழி. அரித்த பிறகு புளித்தண்ணீரால் கழுவுவார்கள்.

கோவிந்தாபுரம், மூன்று பிள்ளைகளின் தாய்: ரசம் கொட்டிக் கை வெந்துவிட்டது. பாட்டி டூத்பேஸ்ட் தடவினார், பக்கத்து வீட்டுச் சேச்சி மஞ்சளும் எண்ணெயும் என்றார். எது சரி?

பதில்: இரண்டும் இல்லை. குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் கையை 20 நிமிஷம் காட்டுங்கள். இருபது என்றால் இருபது, கடிகாரத்தைப் பார்த்து. மேல்தோலில் கொட்டிய சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும், அதை வெளியே எடுக்கத்தான் இந்தத் தண்ணீர். பேஸ்ட், மாவு, மஞ்சள், மை எல்லாம் மேலே ஒரு மூடி போட்டு உள்சூட்டை அடைத்துவிடும், அப்புறம் ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது தெரியும் வேதனை. ஐஸ் கட்டியும் வேண்டாம், அது வெந்த தோலை இன்னும் கெடுக்கும். கை வீங்கும் முன்பே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். வெந்த இடம் உங்கள் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், முகத்திலோ மூட்டிலோ இருந்தாலும், குழந்தைக்குப் பட்டிருந்தாலும் யோசிக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

மிக்சியில் சூடான தக்காளியை அரைத்து மூடி பறந்ததாக எழுதியிருந்த சகோதரிக்கும் இதே வைத்தியம்தான். சூடான பொருளைச் சின்ன ஜாரில் அடைத்துச் சுற்றினால் ஆவி மூடியைத் தள்ளும். ஆறவிடுங்கள்.

கோபாலபுரம்: ராத்திரி சமைத்துக்கொண்டிருக்கும்போது காஸ் வாசனை. மாமனார் பெருங்காய வாசனை என்றார். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மாமனார் முழுசாகத் தப்பில்லை. சமையல் காஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று கந்தகம் சேர்ந்த மெர்காப்டான் என்ற பொருளைக் கலக்கிறார்கள். பெருங்காயத்தின் நாற்றமும் கந்தகக் கூட்டுகளால் வருவதுதான், மூக்குக்குச் சொந்தக்காரர்கள் மாதிரித் தெரியும். சந்தேகம் வந்தால் காஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள், சாமி விளக்கை அணையுங்கள், கதவு ஜன்னல் திறங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், எக்ஸாஸ்ட் பேன் உட்பட. எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம், பொறி இரண்டு பக்கமும் வரும். இந்தக் காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும், அதனால் ஜன்னலைவிட வாசல் கதவைத் திறப்பது முக்கியம். வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள், காஸ் கசிவுக்கென்றே உள்ள எண். ரப்பர் குழாயில் தேதி அச்சிட்டிருக்கும், 5 வருஷம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். தீக்குச்சி கிழித்துச் சோதிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோப்பு நுரையைப் பூசிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து எலப்புள்ளிக்கு வந்த மருமகள்: மட்டை அரிசியைப் பொன்னி மாதிரியே குக்கரில் மூன்று விசில் விட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லோரும் இலை முன்னால். சோறு கல்.

பதில்: என் கதையேதான் கண்ணு. பாலக்காடன் மட்டை புழுங்கல் அரிசி, சிவப்புத் தவிடும் போகாமல் இருக்கும். அந்தத் தோல் தண்ணீரை உள்ளே விட நேரம் எடுக்கும். குக்கரில் அடைத்துத் தண்ணீரை அளந்து வைக்கிற அரிசி அல்ல, நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சி வடிக்கிற அரிசி. பாதி வெந்ததைக் காப்பாற்ற, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடாமல் வேகவிடு. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெளியே குழையும், உள்ளே கல்லாகவே நிற்கும். அதற்குள் எல்லோருக்கும் ஒரு பப்படமும் ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீரும் கொடுத்து உட்காரவை. நாளையிலிருந்து அரைமணி நேரம் ஊறவை. இங்கே பல வீட்டில் சூடாறாப்பெட்டி வைத்திருப்பார்கள். அரிசியைப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு அதற்குள் வைத்து மூடிவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் தானாக வெந்திருக்கும், காஸும் மிச்சம்.

வண்டித்தாவளம்: பால் அடிபிடித்துவிட்டது. கருகல் வாசனை போக என்ன செய்யலாம்?

பதில்: போகாது. சுரண்டாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் கொஞ்சம் தப்பிக்கும். ஏலக்காய் போட்டால் ஏலக்காய் மணக்கிற கருகிய பால் கிடைக்கும். பாத்திரத்துக்கு மட்டும் சொல்கிறேன்: எவர்சில்வரானால் சோடா உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊறவிடுங்கள். அலுமினியமானால் சோடா போடாதீர்கள், அரித்துக் கறுத்துவிடும், புளித்தண்ணீர் போதும்.

கொழிஞ்சாம்பாறை, எங்கள் தெருக்காரராகத்தான் இருக்க வேண்டும்: மகளின் பிரசவத்துக்கு உதவியாக மனைவி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவளுடைய அம்மா கொடுத்த கல்சட்டியில் வத்தக்குழம்பு வைத்தேன். சூடாக இருக்கும்போதே கழுவிவிடலாம் என்று குழாயடியில் வைத்தேன். டிக் என்று ஒரு சத்தம். ஓரத்திலிருந்து அடி வரை முடி மாதிரி ஒரு கோடு. சரிசெய்ய முடியுமா?

பதில்: அண்ணா, மாக்கல் தீயைத் தாங்கும், திடீர் மாற்றத்தைத் தாங்காது. வெளிச்சுவர் குளிர்ந்து சுருங்கும், உள்சுவர் இன்னும் சூட்டில் விரிந்தே நிற்கும், அந்த இழுபறியில் விரிசல் விடும். சூடான கல்சட்டியை மரப்பலகையில் வைத்து ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலையில்தான் கழுவ வேண்டும். கோடு விட்டதை மறுபடி அடுப்பில் ஏற்ற முடியாது. ஏற்றினால் ஒருநாள் குழம்போடு இரண்டாகப் பிளந்து காஸ் மேல் கொட்டும். ஒட்டுப் பசை எதையும் பூசாதீர்கள், சோற்றுக்குள் போகும்.

தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். கசியவில்லை என்றால் கல்லுப்பு போட்டு வைக்கலாம், ஊறுகாய்க்கும் ஆகும். கல்சட்டி புளிப்புக்கு அசையாது. புதுசு வேண்டுமானால் சேலத்துப் பக்கத்துக் கல்சட்டி கிடைக்கும். வாங்கியதும் அடுப்பில் வைத்துவிடாதீர்கள். மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்து உள்ளும் புறமும் பூசி இரண்டு நாள் வைத்து, அப்புறம் தினமும் வடித்த சூடான கஞ்சியை ஊற்றி ஆறவிட்டு, ஒரு வாரம் பழக்கி, பிறகு இளந்தீயில் ஆரம்பியுங்கள். இன்றைக்கே வாங்கினால் அக்கா திரும்பி வருவதற்குள் பழகியிருக்கும்.

ஆனால் நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். பழைய சட்டி எண்ணெய் குடித்துக் கறுப்பாக இருக்கும், புதுசு சாம்பல் நிறம். போன் செய்து சொல்லிவிடுங்கள்.